தீடையில் எழும் பார்மூத்தாள்: மேசைக் கதையாட்டத்துக்கு ஒரு மாயப் பெரும்பகையை உருவாக்கும் முறை

மண்டபம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்கள், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், எங்கள் ஆட்டத்துக்கு வாய்த்த காலமாகும். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் நண்பர் ஒருவர், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ஒருவர், கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், அவளுடைய தோழி ஆகிய நால்வரும் மாலையில் என் வீட்டு மொட்டைமாடியில் கூடுவார்கள். ஆட்டத்தை நான் நடத்துவேன். நாங்கள் ஆடுவது 1974இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதையாட்டம். இதில் நடத்துபவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகத் தங்கள் முறையில் என்ன செய்வதென்று சொல்வார்கள்; பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். எல்லோருக்கும் ஒரு முறை வந்து முடிவது ஒரு சுற்று. பின்பற்றுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். கதையின் உச்சத்தில் நால்வரும் சேர்ந்து எதிர்கொள்ளும் தலைமைப் பகையை ஆட்டக்காரர்கள் ‘பாஸ்’ என்பார்கள். அந்தப் பாஸை நாமே உருவாக்குவது எப்படி என்பதை, எங்கள் மேசையில் நன்றாக அமைந்த ஓர் உயிரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

அதற்கு முன்பு நான் உருவாக்கிய இரண்டு பகைகள் சரியாக அமையவில்லை. முதலாவது ஒரு கடல் நாகம். மந்திரவாதியாக ஆடிய அக்கா மகள் தொடக்கத்திலேயே அதை அசையவிடாமல் கட்டும் மந்திரத்தை ஏவினாள்; நாகம் தன் முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்து, ஒருமுறைகூடத் தாக்காமல் இறந்தது. அதைத் திருத்துவதாக எண்ணி, அடுத்து வந்த பாறைப் பூதத்துக்கு 400 உயிர்ப்புள்ளிகள், அதாவது அடிபட அடிபடக் குறைந்து, தீர்ந்தால் வீழும் எண்ணிக்கை, கொடுத்தேன். அது இரண்டு மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்று அடி வாங்கியது, திருப்பி அடித்தது, பிறகும் அடி வாங்கியது. ஆட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது தொழிலுக்குப் போகும் நண்பர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “அண்ணே, கடல்ல அடி விழுறதுக்கு முன்னாடி கடல் சொல்லிரும். நாமதான் பாக்கணும். உங்க பூதம் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே.”

பாஸ் உருவாக்கம் பற்றி நான் அறிந்த எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கும். பகையின் ஒவ்வொரு ஆற்றலுக்கும் அது வாழும் இடத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய அடிக்கும் முன்னால், பார்ப்பவருக்குப் புலப்படும் ஓர் அறிகுறி இருக்க வேண்டும். உயிர்ப்புள்ளி, அடி படுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய கவச எண், ஓர் அடி எத்தனை உயிர்ப்புள்ளியைக் குறைக்கும் என்னும் சேதக் கணக்கு எல்லாம் அதற்குப் பின்னர் வருபவை.

இடத்தின் காயத்திலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் உருவத்திலிருந்து தொடங்குகிறார்கள்: எத்தனை தலை, என்ன நிறம், இறகு உண்டா என்று. உருவம் எளிதில் கிடைத்துவிடும். ஆனால் அது என்ன செய்யும், ஏன் செய்யும் என்பதை உருவம் சொல்வதில்லை. கதை நடக்கும் இடத்தில் எது காணாமல் போயிற்று, யாரால் போயிற்று என்று முதலில் கேளுங்கள். அந்த இழப்பை மீட்க வரும் உயிருக்கு நோக்கம் தானாக அமைந்துவிடும்.

எங்கள் கரையில் அதற்கான விடை தொலைவில் இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவற்றைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்பு சுடவும் சுவர் எழுப்பவும் பவளக்கல் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது அந்த மூழ்கலுக்கு முக்கியக் காரணம். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே அந்தத் தொழில் படிப்படியாக அடங்கியது. இன்றும் கரையோர ஊர்களில் பழைய சுவர் ஒன்று காரை பெயர்ந்து நின்றால், உள்ளே இருக்கும் கல்லில் பூப்பூவாகப் பவளத்தின் துளைகளைக் காணலாம். அந்தக் கல்லைத் தொட்டு நின்றபோதுதான் என் பகை எனக்குக் கிடைத்தது.

கடலடியில் மேடாக உயர்ந்த பாறைத் திட்டைக் கடல் தொழிலாளர்கள் ‘பார்’ என்பார்கள். கற்பனை உலகில் அப்படி ஒரு பாருக்கு உயிர் இருந்தது என்றும், அதன் உடலை வெட்டி மக்கள் ஊர் கட்டினார்கள் என்றும், நூறு ஆண்டுகளுக்குப் பின் அது தன் கற்களைத் திரும்பக் கேட்டு எழுகிறது என்றும் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பார்மூத்தாள் என்று பெயரிட்டேன். இந்த ஒரே வரியில் அவளுடைய நோக்கம், அவள் தாக்கும் இடம், அவள் கோபப்படும் பொருள், அவளைச் சமாதானப்படுத்தும் வழி ஆகிய நான்கும் இருக்கின்றன. உங்கள் பாஸைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் எண்களுக்குள் இறங்காதீர்கள்.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நான் விடாமல் காக்கிறேன். தேவிபட்டினத்தின் நவபாஷாணமும் ஏர்வாடி தர்காவும் இக்கரை மக்கள் கையெடுத்து வணங்கும் இடங்கள்; அவற்றைச் சார்ந்த எதையும் வெட்டி வீழ்த்தும் பகையாக மேசையில் வைக்கக் கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும் ஆவிக் கதையாக்க மாட்டேன், ஏனெனில் அந்த இரவில் உறவினரை இழந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். இடத்தின் இயற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தில் வாழ்பவர்களின் துயரத்தையும் பக்தியையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஆற்றலும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து வரட்டும்

பார்மூத்தாள் பவளத்தால் ஆனவள் என்று முடிவான பின், பவளத்தைப் பற்றி நான் அறிந்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அது ஓர் உயிர்த்தொகுதி. அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து உணவையும் நிறத்தையும் தருகின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் அப்படிப் பரவலாக வெளிறின. வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும். உப்பு குறைந்த நீரைப் பவளம் தாங்காது.

இந்த உண்மைகளே அவளுடைய விதிகளாயின. தொடக்கத்தில் அவள் உடல் பல நிறத்தில் இறுகி நிற்கும். கவச எண் 16. உயிர்ப்புள்ளி பாதியாகக் குறைந்தாலோ, தீயால் பட்ட சேதம் மொத்தம் 40ஐத் தாண்டினாலோ அவள் வெளிறுவாள். வெளிறியதும் கவச எண் இரண்டு குறையும். ஆனால் பசி ஏறுவதால் ஒரு முறைக்கு இரண்டு கைவீச்சு என்பது மூன்றாகும். ஆக, தீ அவளுக்குப் பலவீனம் என்று கண்டுபிடிக்கும் ஆட்டக்காரர் அத்துடன் வென்றுவிடுவதில்லை. அவளை இப்போதே வெளிறச் செய்யலாமா, காயம் பட்ட நண்பர் எழும்வரை பொறுக்கலாமா என்று நால்வரும் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். பலவீனம் என்பது திறந்தவுடன் எல்லாம் முடியும் பூட்டாக இருப்பதைவிட, விலை கொடுத்துத் திறக்கும் கதவாக இருப்பது நல்லது.

நன்னீர் இரண்டாவது வழி. தனுஷ்கோடியில் இரு பக்கமும் கடல் இருந்தும், மணலில் சில அடி தோண்டினால் குடிக்கத் தக்க நீர் ஊறுவதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆட்டத்திலும், போர்க்களமான தீடையின், அதாவது கடலில் கிடக்கும் மணல் திட்டின், நடுவில் ஒருவர் தன் முறையைச் செலவிட்டுத் தோண்டினால் ஊற்றுக் கிடைக்கும். அடுத்த முறையில் தோற்பையை நிரப்பலாம். அதை அவள் மேல் ஊற்றினால் அவளுடைய ஒரு கை அடுத்த சுற்று முழுவதும் செயலிழக்கும். அதே நீரைக் காயம்பட்டவருக்குக் கொடுத்து ஒரு சிறு பகடையளவு உயிர்ப்புள்ளியை மீட்கவும் செய்யலாம். எங்கள் மேசையில் இந்த ஊற்றை நான் சொல்லவே இல்லை. “தம்பி, இது தீடைதானே? நான் மணலைத் தோண்டுறேன்” என்று ஐஸ் கம்பெனி நண்பர் தாமாகச் சொன்னார். இடத்திலிருந்து எடுத்த விதி, இடத்தை அறிந்தவருக்குக் கற்பிக்காமலே புரியும் என்பதை அன்று கண்டேன்.

உயிர்ப்புள்ளிக் கணக்கு

எத்தனை உயிர்ப்புள்ளி கொடுப்பது என்பதை அச்சிட்ட அட்டவணையிலிருந்து எடுக்காமல், உங்கள் மேசையின் நால்வரிடமிருந்து எடுங்கள். ஐந்தாம் நிலையில் உள்ள ஒரு பாத்திரத்தின் முதன்மைத் திறன் 18 என்றால் அதிலிருந்து 4, தேர்ச்சிக்காக 3, ஆக 7 அவருடைய தாக்குதல் கூட்டெண், அதாவது பகடையில் விழுந்ததுடன் கூட்டும் எண். கவச எண் 16ஐத் தொட, இருபது முகப் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது நூற்றுக்கு 60 வாய்ப்பு. போர்வீரன் இருமுறை வாள் வீசினால் சராசரி 17 சேதம். அதில் 60 விழுக்காடு சுமார் 10. மறைந்து குத்தும் திருடனின் ஒரே குத்து சராசரி 19. அதில் 11க்குச் சற்று மேல். காயம் ஆற்றும் மந்திரம் அறிந்த அருளாளர் சுமார் 10 தருவார். மந்திரவாதி சிறு மந்திரம் ஏவினால் 10க்குள்ளும், தீக்கோளம் ஏவினால் 20ஐ ஒட்டியும் வரும். கூட்டினால் ஒரு சுற்றுக்கு 40 முதல் 50.

இப்போது போர் எத்தனை சுற்று நீடிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் நான்கு அல்லது ஐந்து சுற்று சரியானது: மூன்றுக்குக் குறைந்தால் பகையின் இயல்பைக் காட்ட நேரமில்லை, ஆறைத் தாண்டினால், மேசையில் நால்வரும் யோசித்து ஆடுவதால், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய் மனம் தளர்கிறது. ஆகவே பார்மூத்தாளுக்கு 200. அந்தப் பாறைப் பூதத்துக்கு நான் கொடுத்த 400, இதே கணக்கில் எட்டு முதல் பத்துச் சுற்று வரை இழுக்கும். அன்று ஏன் எல்லோரும் சோர்ந்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

அவள் கொடுக்கும் சேதத்தையும் அதே வழியில் பாருங்கள். உடல்திறனுக்கு இரண்டு கூட்டினால் போர்வீரனுக்கு 44, திருடனுக்கும் அருளாளருக்கும் 38, மந்திரவாதிக்கு 32, மொத்தம் 152. அவளுடைய ஒரு கைவீச்சு, எட்டு முகப் பகடை இரண்டும் கூட நான்கும், ஆகச் சராசரி 13, அதிகபட்சம் 20. இருபது விழுந்து பகடை இரட்டிக்கும் பேரடி தவிர வேறு எந்த அடியும் 32 உள்ளவரை ஒரே வீச்சில் சாய்க்காது. இந்த எல்லையை நான் மீறுவதில்லை. முழு உயிரோடு நிற்பவர் ஒரே அடியில் விழுந்தால் அவருக்கு அந்த மாலை முடிந்துவிடுகிறது. அவளுடைய தாக்குதல் கூட்டெண்ணும் 7. கவச எண் 18 உள்ள போர்வீரன் மேல் பாதி வீச்சுகளே படும். 12 உள்ள மந்திரவாதி மேல் ஐந்தில் நான்கு படும். சிறு தாக்குதல்களையும் சேர்த்தால், வெளிறும் முன் ஒரு சுற்றுக்குச் சுமார் 25, வெளிறிய பின் 33. நான்கு சுற்றில் ஏறத்தாழ 115, அதாவது நால்வரின் மொத்தத்தில் முக்கால் பங்கு. அதற்கு மேல் அலையின் சேதமும் உண்டு, அருளாளரின் மருத்துவமும் உண்டு. பயம் இருக்கும், நம்பிக்கையும் இருக்கும்.

ஒருத்தி எதிரில் நால்வர்

தனியாக நிற்கும் பகைக்குப் பெரிய குறை, நால்வர் நான்கு முறை செயல்படும்போது அதற்கு ஒரு முறைதான் கிடைப்பது. ஐந்தாம் பதிப்பு இதற்கு நல்ல தீர்வு வைத்திருக்கிறது: புகழ்பெற்ற பெரும் உயிர்கள், பிறருடைய முறை முடியும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு செயல் என, ஒரு சுற்றில் மூன்று வரை செய்யலாம். இதை வெறும் கூடுதல் அடியாகப் பயன்படுத்துவது வீண். பார்மூத்தாளின் மூன்று சிறு செயல்கள் இவை: அருகில் நிற்பவரைக் கல்லரும்பால் கீறுவது, மணலுக்கு அடியில் நான்கு கட்டம் நகர்வது, தன் உடலிலிருந்து ஒரு கல்நண்டை உதிர்ப்பது. நகர்வு மிக முக்கியமானது. நின்ற இடத்தில் நிற்கும் பாஸ் எவ்வளவு வலியதாக இருந்தாலும், ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றி நின்று வெட்டும் மரமாகிவிடுகிறது.

கல்நண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அடியில் உடையட்டும், உயிர்க்கணக்கு வேண்டாம், ஒரு நேரத்தில் நான்குக்கு மேல் வேண்டாம்.

மந்திரத்தை மறுக்கும் உரிமை பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதே பதிப்பின் பெரும் உயிர்கள் பலவற்றுக்கு, மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டும் தாங்கும் பகடை தோற்றாலும் நாளொன்றுக்கு மூன்று முறை வென்றதாகக் கொள்ளும் உரிமை உண்டு. என் கடல் நாகத்துக்கு இது இருந்திருந்தால் அப்படிச் செத்திருக்காது. ஆனால் மந்திரவாதியின் பக்கத்திலிருந்து பாருங்கள்: அரிய மந்திரத்தைச் செலவிட்டு, பகடையும் சாதகமாக விழுந்து, நடத்துபவர் ‘நடக்கவில்லை’ என்று சொன்னால் அது கையிலிருந்து பிடுங்கியது போல இருக்கும். ஆகவே ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு விலை வைத்தேன். பார்மூத்தாள் மறுக்கும்போதெல்லாம் அவள் மார்பிலிருந்து ஒரு பெரிய பவளக்கல் பெயர்ந்து மணலில் விழும். கவச எண் ஒன்று குறையும். மூன்று மறுப்பும் வெளிறலும் சேர்ந்தால் 16 என்பது 11 ஆகிவிடும். வாள் பிடித்தவர்கள் எளிதில் தொடுவார்கள். மந்திரவாதி தன் முறையில் தோற்றதாக உணர்வதில்லை, வழி திறந்ததாக உணர்கிறாள். விழுந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் அதற்கும் பயன் உண்டு.

இரு கடலும் ஒரு தீடையும்

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னாரை நோக்கிக் கடலில் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளைத் தீடை என்கிறோம். அதன் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தெற்கை ஆண் கடல் என்றும் வடக்கைப் பெண் கடல் என்றும் அழைப்பது இங்கே வழக்கம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் குளம் போல் கிடக்கும். வாடை தொடங்கியதும் இது தலைகீழாகும். தொழிலுக்குப் போகிறவர்கள் எந்தக் கடலில் எப்போது இறங்குவது என்பதை இந்தக் காற்றை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆண்டில் இருமுறை நிகழும் இந்த மாற்றத்தை, கற்பனை உலகில், போரின் சில சுற்றுகளுக்குள் நிகழச் செய்தேன்.

களம் இப்படி: பத்துக் கட்ட அகலமும் முப்பது கட்ட நீளமும் உள்ள தீடை, ஒரு கட்டம் ஐந்தடி. யாருக்குப் பின் யார் என்று பகடை எண்ணின்படி அமையும் முறை வரிசையில் எண் 20 வரும் நேரம் இடத்துக்கே உரியது. அப்போது கடல் செயல்படும். கச்சான் வீசும்போது தெற்கிலிருந்து அலை ஏறித் தெற்கு ஐந்து வரிசைகளைக் கழுவும். அங்கே நிற்பவர் வலிமைக்கான தாங்கும் பகடையில் 14 எடுக்கத் தவறினால், ஆறு முகப் பகடை மூன்றின் சேதத்துடன் நான்கு கட்டம் இழுத்துச் செல்லப்படுவார். ஆனால் அதற்கு முந்தைய சுற்றின் எண் 20இலேயே நான் சொல்லிவிடுவேன்: “தெற்கே நீர் உள்வாங்குகிறது, நனைந்த மணலில் சிப்பிகள் தெரிகின்றன.” ஒரு முழுச் சுற்று எல்லோருக்கும் கிடைக்கிறது. ஐந்து வரிசை என்பது 25 அடி; குள்ளர் இனத்தவர் ஒரு முறையில் நடப்பதும் 25 அடியே. அறிகுறியைக் கேட்டவர் எவரும் தப்ப முடியும் என்பதை அளந்து பார்த்துத்தான் அந்த அகலத்தை வைத்தேன். தப்ப முடியாத அடிக்கு முன்னறிவிப்புச் செய்வதில் பொருள் இல்லை.

அமைதியான பக்கம் மட்டும் பாதுகாப்பா என்றால், அங்கேயும் ஒன்று காத்திருக்க வேண்டும். இல்லையேல் நால்வரும் வடக்கு விளிம்பில் கூடி நின்று அம்பு எய்வார்கள். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதை இக்கரையில் பலரும் கண்டார்கள். நாக்டிலுகா என்னும் நுண்ணுயிர் பெருகியதே காரணம், ஊரில் அதைப் பூங்கோரை என்பார்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டேன். முதலில் அமைதியான பக்கத்து நீரில் மீன்கள் வாய் பிளந்து மேலே வரும், அது அறிகுறி. அடுத்த சுற்றில் நீர் பச்சையாக ஒளிரும். அதில் கால் நனைத்து நிற்பவர் மூச்சு முட்டி, அந்தச் சுற்றில் குரலால் உச்சரிக்கும் மந்திரத்தைச் சொல்ல முடியாது.

இரண்டாம் சுற்றின் முடிவிலும் நான்காம் சுற்றின் முடிவிலும் காற்று மாறும். அதற்கு ஒரு சுற்றுக்கு முன் காற்று அறவே நின்று, தீடையில் நட்டிருக்கும் படகுக் கொடி தொங்கிவிடும். முதல் முறை அதை நான் சொன்னபோது மூவர் அதைக் கவனிக்கவில்லை. தொழிலுக்குப் போகும் நண்பர் மட்டும் தன் காயை எடுத்து நேர் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டு, “கச்சான் செத்துருச்சு. வாடை அடிக்கப் போகுது, எல்லாரும் தெக்க வாங்க” என்றார். அடுத்த அலை வடக்கிலிருந்து ஏறியபோது மேசையில் எழுந்த ஆரவாரத்தைப் போல நான் அதுவரை கேட்டதில்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை உழைப்பும்.

அறிகுறியைச் சொல்லும்போது கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் மட்டும் சொல்லுங்கள். ‘அடுத்த சுற்றில் அலை வரும்’ என்று விளக்காதீர்கள். ஒரு முறை கேட்டு, ஒரு முறை அடிபட்டு, மூன்றாம் முறை தாங்களே முன்கூட்டிச் சொல்லும்படி அது அமைய வேண்டும். அதற்காகவே ஒரே அறிகுறி போரில் குறைந்தது இரண்டு முறை வர வேண்டும். ஒரே முறை மட்டும் வரும் ஆற்றல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வெட்டிவிடுகிறேன்.

போருக்கு முந்தைய மாலைகள்

பார்மூத்தாள் தோன்றுவதற்கு மூன்று மாலைகளுக்கு முன்பே அவளுடைய தடங்கள் கதையில் வந்தன. ஊர்ச் சுவர்களில் உப்புப் பூத்தது. ஒரு வீட்டில் இரவில் கல் ஒன்று பெயர்ந்து, விடிவதற்குள் கடற்கரை வரை தானாக நகர்ந்திருந்தது. பாசி எடுக்கப் போன பெண்கள், பார் இருந்த இடத்தில் ஆழம் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். கிழவி ஒருத்தி, “கேட்டு எடுத்தாங்களா, கேக்காம எடுத்தாங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். இவை எல்லாம் மனநிலைக்காக மட்டும் வைத்தவை இல்லை. கல் தன் இடத்துக்குத் திரும்ப விரும்புகிறது என்னும் செய்தியை ஒவ்வொன்றும் சொல்கிறது. அதை ஊகித்தவர்களுக்குப் போரில் வேறொரு வழி திறக்கும்.

களத்தை அமைக்கப் பெரிய செலவு வேண்டாம். பெரிய தாம்பாளத்தில் கடற்கரை மணலைப் பரப்பி, கோலப்பொடியால் கட்டங்களை இட்டேன். சிறு சிப்பிகள் கல்நண்டுகளாயின, உயிர்ப்புள்ளிகளைப் பத்துக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். சோழிகளைப் பகடைக்கு மாற்றாக ஆளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆறு சோழிகளை உருட்டினால் நடு எண்களே அடிக்கடி விழும். ஓரத்து எண்கள் அரிது. இருபது முகப் பகடையிலோ ஒவ்வொரு முகத்துக்கும் வாய்ப்பு ஒன்றே. ஆகவே சேதத்தைக் கணக்கிடச் சோழி உதவும்; அடி பட்டதா என்று பார்க்க உதவாது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் தனியாக அமர்ந்து மூன்று சுற்றுகளை உருட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். யாருக்காவது ‘அடிக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு செயல் இல்லாமல் போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். எங்கள் பாத்திரங்களில் திருடனுக்கு அப்படி ஆயிற்று. மறைய மணலில் இடமே இல்லை. உடனே தீடையின் கிழக்கு முனையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு வத்தைப் படகைச் சேர்த்தேன்.

போர் நடக்கும்போது உயிர்ப்புள்ளியை மறைவாகக் கூட்டுவதையும் குறைப்பதையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. நால்வர் தங்கள் முடிவுகளின் விளைவை நம்பி ஆடுகிறார்கள். நடத்துபவர் பின்னால் எண்ணை மாற்றினால் அந்த முடிவுகளுக்கு மதிப்பில்லாமல் போகிறது. கணக்குத் தவறிவிட்டது என்று தெரிந்தால் வெளிப்படையாக உள்ள ஒன்றை மாற்றுங்கள்: காற்று ஒரு சுற்று முன்னதாக மாறட்டும், ஊற்றில் நீர் அதிகம் கிடைக்கட்டும். எல்லோரும் காணும்படி நடக்கும் மாற்றம் கதையின் பகுதியாகிவிடும்.

அவள் எப்படி முடிகிறாள்

இரண்டு முடிவுகளையாவது முன்பே எழுதி வையுங்கள். அவளை வெட்டி வீழ்த்தினால் உடல் சிதறித் தீடை முழுதும் கல்லாகும், ஊர் பிழைக்கும், ஆனால் கரையைக் காக்கும் பார் இல்லாததால் வரும் வாடையில் அலை தெரு வரை ஏறும். மற்றொரு முடிவில், அவளிடமிருந்து எடுத்த கற்களில் பத்தை அவள் காலடியில் திரும்ப வைத்தால், ஒவ்வொரு கல்லுக்கும் அவள் ஒரு கைவீச்சைக் கைவிடுவாள். பத்தாவது கல்லுடன் நீருக்குள் அமர்ந்துவிடுவாள். மறுப்பின்போது அவளிடமிருந்து பெயர்ந்து விழுந்த கற்களும் இந்தப் பத்தில் சேரும். இன்று மன்னார் வளைகுடாவில் கான்கிரீட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் வைத்துப் பாரை வளர்க்கும் வேலை நடந்துவருகிறது. அந்தக் காட்சியை மனத்தில் கொண்டே இந்த வழியை வைத்தேன்.

எங்கள் மேசையில் மூன்று கற்கள் மறுப்பில் விழுந்தன. மீதி ஏழுக்கு எங்கே போவது என்று மூவர் பேசிக்கொண்டிருக்கையில், திருடனாக ஆடிய தோழி தன் பையைத் திறந்தாள். புறப்படும் முன்பே, கிழவியின் கேள்வியைக் கேட்ட அன்றிரவு, தன் பாத்திரத்தின் வீட்டுச் சுவரிலிருந்து ஏழு கற்களைப் பெயர்த்து எடுத்து வைத்திருந்தாள். பாத்திரத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் இருந்தாள், நான்தான் பார்க்கவில்லை. அடுத்த மாலை ஆட்டம் அந்த வீட்டில் தொடங்கியது: தெற்குச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, வெளியே வாடை மழை, உள்ளே அவளுடைய பாத்திரத்தின் தாய் சாக்குத்துணியைப் பிடித்தபடி, “எங்கடி போச்சு கல்லு?” என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.